கவென்டிஷ் ஆய்வுகூடம்: சுவர்களும் வாயிலும்

விஞ்ஞானத்தின் வரலாறு பெரும்பாலும் விஞ்ஞானிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கவென்டிஷ் ஆய்வுகூடத்தைப் பற்றி எழுதுவோர் மக்ஸ்வெல், றேலி, தொம்சன், இறதபோட் எனப் பேராசிரியர்களின் பெயர்களை அரச பரம்பரையை அடுக்குவது போல அடுக்கிச் செல்வதே வழக்கம். அரசர் பட்டியல் வரலாறாகாது என்பதை வரலாற்று மாணவர் அறிவர். ஆயினும் ஆய்வுகூடம் என்று வரும்போது நாமும் அதனை மறந்துவிடுகிறோம். கலைப்பீடத்து மாணவன் ஒருவன் பௌதிக ஆய்வுகூடமொன்றைப் பற்றி எழுதத் துணிவதற்கு இதுவே நியாயம். அங்கு நிகழ்ந்த பரிசோதனைகளை மதிப்பிடும் தகுதி எனக்கில்லை. ஆனால் ஒரு கட்டடம் ஏன் எழுந்தது, யாருடைய பணத்தில் எழுந்தது, அதனுள் யார் அனுமதிக்கப்பட்டனர், யார் வெளியே நிறுத்தப்பட்டனர் என்பன எமது பாடத்துக்குரிய வினாக்களே. அவ்வினாக்களைக் கொண்டு நோக்கின், அவ்வாய்வுகூடத்தின் பெருமைக்கு அதன் சுவர்களைக் காட்டிலும் அதன் வாயில் திறந்த விதமே கூடிய காரணம் என்பது புலனாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை கேம்பிரிட்ஜிற் பௌதிகவியல் என்பது தாளும் பேனாவும் கொண்டு செய்யப்பட்ட கல்வியாகவே இருந்தது. கணிதத் தேர்வில் முதலிடம் பெறுவதே அங்கு அறிவின் உச்சமெனக் கருதப்பட்டது. கருவிகளைக் கையாளுதல், உலோகத்தை அறுத்தல், கண்ணாடி ஊதுதல் முதலியன கைவினைஞரின் தொழில், கனவானின் கல்வியன்று. ஸ்ரோக்ஸ் போன்ற பெரும் பேராசிரியர்கூட ஒளியியற் பரிசோதனைகளைத் தமது இல்லத்திலேயே நடத்தினார். கிளாஸ்கோவில் வில்லியம் தொம்சன், பின்னாளிற் கெல்வின் பிரபு எனப் பெயர் பெற்றவர், பழைய வைன் நிலவறையொன்றைத் தமது மாணவர்களுக்கான ஆய்வுகூடமாக மாற்றியிருந்தார். ஒக்ஸ்போட்டிலும் கிளாரென்டன் ஆய்வுகூடம் எழுந்துகொண்டிருந்தது. கேம்பிரிட்ஜ் மட்டும் பின்னின்றது.

இம்மனப்பான்மையின் உருவமாக ஐசாக் தொடன்ரர் என்ற கணித ஆசிரியரைக் கூறலாம். அவருடைய பாடநூல்களை அக்காலத்து ஆங்கிலேய மாணவர் அனைவரும் கற்றனர். ஆசிரியர் ஒன்றைக் கூறினால் மாணவன் அதனை நம்ப வேண்டும், அதனைப் பரிசோதித்துக் காட்டுமாறு கேட்பது ஆசிரியர்மீது கொள்ளும் ஐயமாகும் என்னும் கருத்துப்பட அவர் 1873 இல் எழுதினார். ஒளி படிகமொன்றினுட் கூம்பு வடிவில் முறிவதை வந்து பாருங்கள் என மக்ஸ்வெல் ஒருமுறை அவரை அழைத்ததாகவும், வாழ்நாள் முழுவதும் அதனைக் கற்பித்துவந்த தாம் இப்போது பார்த்துத் தம் எண்ணங்களைக் குழப்பிக்கொள்ள விரும்பவில்லை என அவர் மறுத்துவிட்டதாகவும் ஒரு கதை உண்டு. கதையிற் சிறிது மெருகு ஏறியிருக்கலாம். எனினும் புதிய கட்டடம் எதனை எதிர்த்து எழுந்தது என்பதை விளக்க இதனைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

பரிசோதனைப் பௌதிகவியலுக்கு ஒரு பேராசிரியரும், ஒரு செய்முறைப் போதனாசிரியரும், ஓர் ஆய்வுகூடமும் வேண்டுமெனப் பல்கலைக்கழகக் குழுவொன்று 1869 இல் விதந்துரைத்தது. கட்டடத்துக்கும் கருவிகளுக்கும் 6,300 பவுண் தேவையென மதிப்பிடப்பட்டது. நிலமும் செல்வமும் நிறைந்த கல்லூரிகள் இத்தொகையைப் பகிர்ந்தேற்க முன்வரவில்லை. விதந்துரை ஏட்டிலேயே கிடந்தது. 1870 ஒக்டோபரில் பல்கலைக்கழக வேந்தரான ஏழாவது டெவன்ஷயர் கோமகன் வில்லியம் கவென்டிஷ் அத்தொகை முழுவதையும் தாமே தருவதாக எழுதிய கடிதத்தோடுதான் நிலைமை மாறிற்று. வேலை முடிந்தபோது செலவு 8,000 பவுணைத் தாண்டியிருந்தது. மேலதிகத் தொகையையும் அவரே ஏற்றார்.

இதனை ஒரு பிரபுவின் தயாளமென்று மட்டும் கூறி அமைதல் பொருந்தாது. கோமகன் 1829 இல் அதே கேம்பிரிட்ஜின் கணிதத் தேர்வில் இரண்டாமிடம் பெற்றவர். அதைவிட முக்கியமாக, பாரோ நகரின் இரும்பு உருக்குத் தொழிலிலும் புகையிரதப் பாதைகளிலும் துறைமுகத்திலும் பெருமுதலீடு செய்தவர். 1869 இல் நிறுவப்பட்ட இரும்பு உருக்கு நிறுவகத்தின் முதலாவது தலைவர். 1866 இல் அத்திலாந்திக் சமுத்திரத்தின் அடியிலே தந்திக் கம்பி வெற்றியாகப் பதிக்கப்பட்டதன் பின்னர், மின்தடையைப் பிழையின்றி அளப்பது வணிகத்தின் தேவையாயிற்று. கடலடியிற் கம்பி எவ்விடத்திற் பழுதுற்றது என்பதைக் கரையிலிருந்து கண்டறிவதற்கும் அவ்வளவீடு வேண்டியிருந்தது. ஜேர்மனியக் கைத்தொழில் பிரித்தானியாவை நெருங்கி வந்துகொண்டிருந்த காலமும் அதுவே. பல்கலைக்கழகத்துக்கு ஆய்வுகூடம் வேண்டுமென்பதைப் பல்கலைக்கழகத்துக்கு முன்னரே தொழிற்சாலைகள் உணர்ந்திருந்தன எனலாம்.

பேராசிரியர் பதவி முதலில் வில்லியம் தொம்சனை நாடிச் சென்றது. அவர் கிளாஸ்கோவை விட்டு வர விரும்பவில்லை. ஜேர்மனிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்சும் இசையவில்லை. மூன்றாமவராகவே ஸ்கொத்லாந்தவரான ஜேம்ஸ் கிளாக் மக்ஸ்வெல் 1871 மார்ச்சில் தெரிவானார். மின்காந்தக் கொள்கையை வகுத்த அப்பெருமகன் கட்டடம் முடியும்வரை தமக்கென ஓரிடமின்றி இரசாயன மண்டபத்திலும் தாவரவியல் மண்டபத்திலும் மாறி மாறி விரிவுரையாற்றினார். பிற கூடுகளில் முட்டையிடும் குயிலுக்குத் தம்மை ஒப்பிட்டு நகைத்தும் இருக்கிறார்.

ஆய்வுகூடம் எழுந்த இடம் நகரின் நடுவே, கோப்பஸ் கிறிஸ்டி கல்லூரியின் பின்புறமாகச் செல்லும் ஒடுங்கிய ஒழுங்கையாகும். முன்னர் பல்கலைக்கழகத்தின் தாவரவியற் பூங்கா இருந்த நிலம் அது. கட்டடக் கலைஞர் வில்லியம் போசெற். ஆனால் உள்ளமைப்பை வகுத்தவர் மக்ஸ்வெல்லே. கிளாஸ்கோவுக்கும் ஒக்ஸ்போட்டுக்கும் சென்று பார்த்து வந்தபின் அவர் திட்டமிட்டார். வெளியே பார்ப்பவருக்கு அது கோதிக் பாணியில் அமைந்த, தேவாலயத்தையோ கல்லூரியையோ ஒத்த கல்முகப்பு. உள்ளே அறைக்கு அறை ஒரு நோக்கம் இருந்தது. காந்த அளவீட்டுக்குரிய அறை தரைமட்டத்தில் அமைந்தது. அங்கே கருவிகள் வைக்கும் கல்மேடைகள் தளத்தோடு தொடர்பின்றித் தனி அத்திவாரத்தில் நின்றன. ஒருவர் நடந்து செல்லும் அதிர்வுகூட ஊசியை அசைக்கலாகாது என்பதே காரணம். மேல்மாடிகளிலும் மேசைகளைத் தாங்கும் விட்டங்கள் நடக்கும் தளத்திலிருந்து பிரிக்கப்பட்டிருந்தன. கோபுரத்தின் உச்சியில் நீர்த்தாங்கி ஒன்று. அதிலிருந்து வீழும் நீரின் விசையைக் கொண்டு குழாய்களிலுள்ள காற்றை வெளியேற்றினர். கோதிக் கோபுரமொன்று வெற்றிடம் உண்டாக்கப் பயன்பட்டமை எனக்குப் பெருவியப்பை அளித்த செய்தியாகும்.

1874 ஜூனில் கட்டடம் பல்கலைக்கழகத்திடம் கையளிக்கப்பட்டது. டெவன்ஷயர் பெயரால் அழைக்கப்படவிருந்த ஆய்வுகூடம் மக்ஸ்வெல்லின் யோசனைப்படி கவென்டிஷ் என்னும் குடும்பப் பெயரைப் பெற்றது. அதனால் கொடையாளியோடு அக்குடும்பத்தின் முன்னோரான ஹென்றி கவென்டிஷும் நினைவுகூரப்பட்டார். பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த அச்செல்வர், ஒருவரோடும் பேசாது தம் வீட்டிலேயே பரிசோதனை செய்தவர். மின்னியல் முடிவுகளுட் பெரும்பாலானவற்றை வெளியிடாமலே 1810 இல் மறைந்தவர். மின்னோட்டத்தை அளக்கக் கருவியில்லாத அக்காலத்தில் அவர் தம்முடலையே கருவியாக்கி, அதிர்ச்சி எவ்வளவு என்று உணர்ந்து ஒப்பிட்டார். அக்கையெழுத்துப் பிரதிகளைப் பதிப்பிப்பதிலேயே மக்ஸ்வெல்லின் இறுதி ஆண்டுகள் பெரிதும் கழிந்தன. நூல் 1879 இல் வெளிவந்தது. அவ்வாண்டு நவம்பரில், நாற்பத்தெட்டாம் வயதில், அவர் காலமானார்.

மக்ஸ்வெல்லின் காலத்தில் ஆய்வுகூடத்துக்கு வந்தோர் மிகச் சிலரே. அவருடைய விரிவுரைக்குச் சில வேளைகளில் இருவரே வந்ததுமுண்டு. கட்டடம் எழுந்துவிட்டது, ஆயினும் வாயில் இன்னும் முழுதாகத் திறக்கவில்லை. கேர்ட்டன், நியூனம் ஆகிய பெண்கள் கல்லூரிகள் கேம்பிரிட்ஜில் ஏற்கெனவே நிறுவப்பட்டிருந்தும், பெண்களை அனுமதிக்க மக்ஸ்வெல் விரும்பவில்லை. தாம் ஸ்கொத்லாந்து சென்றிருக்கும் நீண்ட விடுமுறையில் மாத்திரம் அவர்களுக்கு வகுப்பு நடத்த இசைந்தார். அவருடைய மேதைமையைப் போற்றுவோர் இதனைக் குறிப்பிடாது விடுவது வழக்கம். குறிப்பிடுவதால் மேதைமை குறைந்துவிடப் போவதில்லை.

1879 முதல் 1884 வரை பதவி வகித்த றேலி பிரபு நிலைமையை மாற்றினார். மாணவர்க்கு ஒழுங்கான செய்முறை வகுப்புகள் அவர் காலத்திலேயே தொடங்கின. கிளேஸ்புறூக், ஷோ ஆகிய போதனாசிரியர்கள் அவ்வகுப்புகளுக்கென அமைத்த பாடநெறி பின்னர் நூலாகிப் பல நாடுகளுக்கும் சென்றது. 1882 இல் அவ்வகுப்புகள் பெண்களுக்கும் திறந்துவிடப்பட்டன. றேலியின் மனைவியின் சகோதரியான எலினோர் சிட்ஜ்விக் அம்மையார் அவரோடு இணைந்து ஓம் என்னும் மின்தடை அலகை மீண்டும் துணியும் பணியில் ஈடுபட்டு, ஆய்வுக் கட்டுரைகளிற் பெயர் பெற்றார். ஆயினும் கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுமையான பட்டம் வழங்கியது 1948 இலேயே. ஆய்வுகூடத்தின் கதவு பல்கலைக்கழகத்தின் கதவுக்கு அறுபத்தாறு ஆண்டுகள் முன்னர் திறந்தது எனக் கணக்கிடலாம்.

வங்காளத்தவரான ஜகதீச சந்திர போஸ் கேம்பிரிட்ஜில் றேலியிடம் பயின்றவர்களுள் ஒருவர். கல்கத்தா பிரசிடென்சிக் கல்லூரிக்கு 1885 இல் ஆசிரியராகத் திரும்பியபோது ஆய்வுகூடம் எனச் சொல்லத்தக்க எதுவும் அவருக்கு அங்கு கிடைக்கவில்லை. சிற்றறையொன்றில், தகரவேலை செய்யும் ஒருவரைப் பழக்கிக் கருவிகள் செய்வித்து, மில்லிமீற்றர் அளவான மின்காந்த அலைகளை ஆராய்ந்தார். குடியேற்ற நாடொன்றிற் பிறந்தவர் கேம்பிரிட்ஜ் சென்று கற்கலாம். ஆனால் அக்கல்விக்கு வேண்டிய கட்டடம் அவரோடு கப்பலேறி வருவதில்லை என்பதை அவர் வரலாறு காட்டுகின்றது.

கவென்டிஷின் வரலாற்றில் ஒரேயோர் ஆண்டைத் தெரிவுசெய்யச் சொன்னால் நான் 1874 ஐயோ 1897 ஐயோ சொல்லேன். 1895 ஐயே சொல்வேன். அவ்வாண்டில் வேறு பல்கலைக்கழகங்களின் பட்டதாரிகள் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்து, இரண்டாண்டு ஆய்வின் பயனாகப் பட்டம் பெறலாமென்ற புதிய விதி நடைமுறைக்கு வந்தது. இருபத்தெட்டு வயதிற் பேராசிரியராகத் தெரிவான ஜே. ஜே. தொம்சன் அப்போது தலைமை வகித்தார். விதியின்படி முதலில் வந்தோருள் அயர்லாந்தின் ரவுன்சென்டும் நியூசிலாந்தின் ஏணெஸ்ட் இறதபோட்டும் இருந்தனர். இறதபோட்டுக்குப் பயணத்தைச் சாத்தியமாக்கியது 1851 ஆம் ஆண்டுக் கண்காட்சியின் இலாபத்தில் நிறுவப்பட்ட புலமைப்பரிசில். அதுவும் முதலில் வேறொருவருக்கு உரியதாயிருந்து, அவர் ஏற்காமையால் இவரை வந்தடைந்தது. வெளியூரிலிருந்து வந்தோரை உள்ளூர்ப் போதனாசிரியர் சிலர் ஏளனமாக நோக்கினர் என்பது இறதபோட் தாம் மணம் செய்யவிருந்த பெண்ணுக்கு எழுதிய கடிதங்களிலிருந்து தெரிகிறது. விதி திறந்த கதவை மனிதர் உடனே திறந்துவிடுவதில்லை. இருபத்துநான்கு ஆண்டுகளின் பின் அவரே அவ்வாய்வுகூடத்தின் தலைவரானார்.

வந்தோர் தொகை கூடக் கட்டடமும் வளர வேண்டியதாயிற்று. 1896 இல் ஒரு பகுதி சேர்க்கப்பட்டது; தொம்சன் மாணவர் கட்டணங்களிலிருந்து சிக்கனமாகச் சேர்த்து வைத்த பணம் அதற்கு உதவிற்று. றேலி தமக்கு 1904 இற் கிடைத்த நோபல் பரிசிலிருந்து வழங்கிய 5,000 பவுணைக் கொண்டு 1908 இல் இன்னொரு பகுதி திறக்கப்பட்டது. இவற்றுக்கிடையிலேயே, 1897 இல், அணுவினும் சிறிய துணிக்கை உண்டென்பதைத் தொம்சன் நிறுவினார். அதுவே இலத்திரன். தொம்சனின் கைகள் கருவிகளைக் கையாளுவதற்கு ஏற்றவையல்ல என்பது யாவரும் அறிந்த செய்தி; அவர் கருவிக்கு அருகில் வருவதை உதவியாளர்கள் அஞ்சினராம். அக்கண்ணாடிக் குழாய்களை ஊதி உருவாக்கியவர் எபனேசர் எவரெற் என்ற உதவியாளர். தொடன்ரரின் கேம்பிரிட்ஜ் இழிவாகக் கருதிய கைத்திறன் இல்லாமல் இலத்திரன் வெளிப்பட்டிருக்காது. எவரெற்றின் பெயர் பாடநூல்களில் இடம்பெறுவது அரிது.

இறதபோட்டின் காலம் (1919–1937) பலரும் அறிந்தது. அதில் 1932 ஐ மட்டும் நோக்குவோம். அவ்வாண்டின் தொடக்கத்திற் சட்விக் நியூத்திரனைக் கண்டறிந்தார். ஏப்ரல் 14 ஆம் நாள் கொக்குறொவ்ற்றும் வோல்ற்றனும் உயர் அழுத்த மின்னினால் விரைவுபடுத்திய புரோத்தன்களைக் கொண்டு இலிதிய அணுக்கருவைப் பிளந்தனர். அவர்களது இயந்திரம் உயர்ந்துகொண்டே சென்றமையால் முந்திய அறை போதாமற் போய், உயர்ந்த கூரையுள்ள மண்டபமொன்றுக்கு மாற வேண்டியிருந்தது. பெற்றோல் பம்பிகளின் கண்ணாடி உருளைகளை அடுக்கி, இணைப்புகளைப் பிளாஸ்ரிசின் களியினால் அடைத்துக் குழாயை அமைத்தனர். பரிசோதகர் அமர்ந்து ஒளிப்பொறிகளை எண்ணிய கூடு, ஈயத் தகடு பொதிந்த தேயிலைப் பெட்டி. பருத்த உடலினரான இறதபோட் அதனுள் நுழைந்து அமர்வதற்குப் பட்ட பாட்டைக் கண்டோர் பதிவுசெய்துள்ளனர். தேயிலைப் பெட்டி என்ற சொல்லை வாசிக்கும் இலங்கையர் சற்றுத் தரித்துச் செல்வது இயல்பே.

இச்சிக்கனத்தை அளவுமீறிப் புகழ்தலும் தவறு. மன்செஸ்ரரின் மெற்றோபொலிற்றன் விக்கேஸ் என்னும் மின்பொறி நிறுவனத்தின் தொடர்பும் உதவியும் இன்றேல் அவ்வியந்திரம் இயங்கியிராது. கவென்டிஷ் மெழுகும் நூலும் கொண்டு அணுவைப் பிளந்தது என்னும் கூற்று அரை உண்மையே. மாலை ஆறு மணிக்கு இறதபோட் ஆய்வுகூடத்தைப் பூட்டச் செய்தார் என்பது மட்டும் முழு உண்மை. வீட்டுக்குப் போய்ச் சிந்தியுங்கள் என்பது அவர் கொள்கை.

1933 இல் ரஷ்யரான பீற்றர் கபிற்சாவுக்கென மொண்ட் ஆய்வுகூடம் அம்முற்றத்தில் எழுந்தது. அதன் சுவரில் எரிக் கில் என்ற சிற்பி முதலையொன்றைச் செதுக்கினார். முதலை என்பது கபிற்சா இறதபோட்டுக்கு இட்ட பட்டப்பெயர். அடுத்த ஆண்டு தாயகம் சென்ற கபிற்சாவை சோவியத் அரசு திரும்ப விடவில்லை. இறுதியில் அவருடைய கருவிகள் 30,000 பவுணுக்கு விற்கப்பட்டு ரஷ்யாவுக்கு அனுப்பப்பட்டன. முதலை மட்டும் சுவரில் எஞ்சியது.

மோட்டார் வாகன உற்பத்தியாளரான ஒஸ்ரின் பிரபு 1936 இல் வழங்கிய 250,000 பவுண் புதியதொரு பகுதியை உண்டாக்கிற்று. இரும்பு முதலாளியின் 6,300 பவுணையும் மோட்டார் முதலாளியின் இத்தொகையையும் அருகருகே வைத்து நோக்கின் இடைப்பட்ட அறுபத்தாறு ஆண்டுகளில் விஞ்ஞானத்தின் விலை ஏறிய விதம் விளங்கும். 1938 இல் பொறுப்பேற்ற லோறன்ஸ் பிறாக் எக்ஸ் கதிர்களாற் பளிங்குகளின் அமைப்பை ஆராய்ந்தவர். வியன்னாவிலிருந்து வந்த மக்ஸ் பெறுற்ஸ் அவ்வழியிற் குருதியின் ஈமோகுளோபினை ஆராய்ந்தார். 1940 இல் எதிரி நாட்டவரெனக் கைதுசெய்யப்பட்டுக் கனடாவுக்கு அனுப்பப்பட்ட அவர், மறு ஆண்டு திரும்பி வந்து பணியைத் தொடர்ந்தார். ஒஸ்ரின் பகுதியின் ஓரறையில் 1953 இல் வொற்சனும் கிறிக்கும் டீ.என்.ஏ. மூலக்கூற்றின் இரட்டைச் சுருள் அமைப்பை உருவமைத்தனர். அதற்கு இன்றியமையாத எக்ஸ் கதிர்ப் படம் இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் றொசலின்ட் பிராங்கிளினின் ஆய்விற் பெறப்பட்டது. அவர் அறியாமலே அது காட்டப்பட்டது. பெருமையை ஒரு கட்டடத்துக்கு எழுதி வைக்கும் வழக்கம் மற்றொரு கட்டடத்தில் உழைத்தவரை மறைத்துவிடுவதற்கு இது தக்க சான்று.

அவ்வாண்டுகளில், 1947 முதல் 1949 வரை, அங்கு ஆராய்ச்சி மாணவராயிருந்தவர் ஜி. என். இராமச்சந்திரன். எர்ணாகுளத்திற் பிறந்து, பெங்களூரில் சி. வி. இராமனிடம் பயின்ற அவர் 1952 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பௌதிகத் துறைக்குத் தலைவரானார். கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954 இல் கொலாஜன் என்னும் புரதத்துக்கு மும்மைச் சுருள் அமைப்பை முன்மொழிந்தார். இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் அவர் 1963 இல் வெளியிட்ட வரைபு இன்றும் உலகெங்கும் அவர் பெயராலேயே வழங்குகிறது. போஸுக்குக் கல்கத்தாவிற் கிடைக்காதது இவருக்குச் சென்னையிற் கிடைத்தது. இடையே ஒரு நாடு விடுதலை பெற்றிருந்தது.

நகர நடுவில் இடம் போதாமையால் 1970களின் முற்பகுதியில் ஆய்வுகூடம் மேற்குக் கேம்பிரிட்ஜின் புதிய கட்டடங்களுக்கு இடம்பெயர்ந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன், 1967 இல், அயர்லாந்தின் வடபகுதியிலிருந்து கிளாஸ்கோ வழியாக வந்த ஜொசலின் பெல் என்ற ஆராய்ச்சி மாணவி வானொலித் தொலைகாட்டியின் தாட்சுருள்களிலே துடிப்பு விண்மீனை முதலிற் கண்டார். 1895 இன் விதியும் 1882 இன் அனுமதியும் அவரிற் சந்தித்தன எனலாம். 1974 இன் நோபல் பரிசு அவருடைய மேற்பார்வையாளருக்கும் மற்றொரு பேராசிரியருக்குமே வழங்கப்பட்டது. 2025 இல் மூன்றாவது இல்லமும் திறக்கப்பட்டது. அது தாங்கியிருப்பது 1961 இல் அங்கு கலாநிதிப் பட்டம் பெற்ற அமெரிக்கரான றே டொல்பியின் பெயர்.

பழைய கட்டடம் ஒழுங்கையில் இன்றும் நிற்கின்றது. சமூகவியல் முதலான துறைகள் அப்பழைய வளாகத்தில் இயங்குகின்றன. ஆகவே இப்போது அங்கு நடப்பவை எம்மைப் போன்றோரின் வேலைகளே. வாயிற் கதவின்மேல் 111 ஆம் சங்கீதத்தின் அடியொன்று இலத்தீன் மொழியிற் பொறிக்கப்பட்டுள்ளது. 1874 இல் அதனை வாசிக்க இலத்தீன் கற்பித்த பாடசாலையிலிருந்து வந்திருக்க வேண்டும். புதிய இடத்துக்குச் சென்றபோது அதே அடி, ஓர் ஆராய்ச்சி மாணவரின் யோசனைப்படி, வாயிலில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது.